ஆர்.சி. புத்தகத்தில் இருந்த முத்திரை

12-8-1974, திங்கள்.

கார் வாங்கியாயிற்று. ஆனால் காலையில் நான் பேசிய பேச்சு மனதை உறுத்துகிறது.

மாம்பலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பழைய கார். கடையில் பணத்தை எடுத்து நீட்டப் போன நேரத்தில், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிய என் மனைவி கமலா, "பைனான்ஸ் கம்பெனி முத்திரை இருக்கே, கடன் இன்னும் தீரலையா?" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏமாத்தப் பாத்தீங்களா?" என்று கடை ஆட்கள் எதிரிலேயே கத்திவிட்டேன்.

அண்ணாச்சியின் முகம் சிறுத்துப் போயிற்று. "மூணு தவணை பாக்கின்னு புரோக்கர்ட்ட அன்னைக்கே சொன்னேனே சார். அவன் உங்ககிட்ட சொல்லலியா?"

எங்களோடு வந்திருந்த புரோக்கர் தலையைச் சொறிந்தான். "சொன்னா வாங்க மாட்டீங்கன்னுதான் சார்... இப்ப இன்னா கெட்டுப்போச்சி?"

அண்ணாச்சி கல்லாவைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டு உடனே கிளம்பினார். பைனான்ஸ் கம்பெனியில் பாக்கியை என் கையாலேயே கட்டச் சொல்லி, விலையில் கழித்துக்கொண்டார். கடன் தீர்ந்ததற்குக் கடிதமும் வாங்கித் தந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்று சாவியைக் கமலாவிடம் கொடுத்தார்.

மாலையில் அடையாறு வரை ஓட்டிப்போனோம். வழியெல்லாம் கமலாவுக்குச் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் கடை ஆட்கள் எதிரில் கத்தியதற்கு அவர்கள் எதிரிலேயே அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக் காலையில் கடை திறந்ததும் போகிறேன்.