ஆட்சேபணைக்கு முப்பது நாள்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
14-2-1971

பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஐயா அவர்களுக்கு, உங்கள் மனைவி இன்னாசியம்மாள் எழுதுவது.

தம்பி சவுரியப்பன் வீட்டில் சுகமாக இருக்கிறேன். நான் கிளம்பி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், கோபம் இல்லாமலா வந்தேன்?

கடைவீதியை அகலப்படுத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை. பால்காரன் மாது சைக்கிளோடு பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கால் நசுங்கியபோது, அவன் தலையை மடியில் தாங்கியவள் நான்தான். ஆனால் ஊருக்கு வழிகாட்டுகிறேன் என்று முதல் கடப்பாரையை நம் வீட்டு முன் அறையில் இறக்கினீர்களே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், என் தையல் அறைக்குச் சுவர் இல்லை. மடித்து வைத்த ரவிக்கைகளெல்லாம் செம்மண். தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது.

என் தையல் மிஷினை பஸ்ஸில் ஏற்றி அனுப்பவும்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்

3-3-1971

அன்புள்ள இன்னாசிக்கு,

'பிரசிடெண்ட் ஐயா' என்று பார்த்ததும் யாரோ தெருவிளக்குக்கு மனு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

என் வீட்டை விட்டுவிட்டு அடுத்தவன் வீட்டில் கை வைத்தால் ஊர் காறித் துப்பாதா? உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்கு மனம் இளகிவிடும். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

மிஷின் நடுவீட்டில் பத்திரமாக இருக்கிறது. பெல்ட் அறுந்திருக்கிறது. தர்மபுரியில் வாங்கி மாட்டி அனுப்புகிறேன். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று எழுதவும்.

உன்
மரியசூசை

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
20-3-1971

பிரசிடெண்ட் ஐயா அவர்களுக்கு,

நெல்லிக்காய் அளவு புளி போதும். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

பெல்ட்டைப் போன கிறிஸ்துமஸுக்குத்தான் மாற்றினேன். அது அறுந்திருக்காது.

இடிக்கும் முன் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டினீர்கள். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. அதற்குப் பசை காய்ச்சிக் கொடுத்தது நான். நீங்கள் சொன்ன கணக்கை வைத்து, "நாப்பத்தோரு வூட்டுக்கு இது போதுங்களா?" என்று கேட்டேன். போதும் என்றீர்கள். நம் வீட்டோடு சேர்த்துக் கடைவீதியில் நாற்பத்திரண்டு வீடு. நம் கதவில் மட்டும் ஒட்டவில்லை, பிரசிடெண்ட் வீட்டில் யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள் என்று. ஊரில் அத்தனை பேரையும் கேட்டீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்

12-9-1971

அன்புள்ள இன்னாசிக்கு,

உன் கடிதத்துக்கு நானும் பதில் எழுதவில்லை, ஆறு மாதமாக உன்னிடமிருந்தும் ஒரு கார்டு கூட இல்லை. சவுரியப்பனைச் சந்தையில் பார்த்தேன். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னான்.

இங்கே கதை முடிந்துவிட்டது. கடைவீதிக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். போன கூட்டத்தில் பதினோரு மெம்பரில் எட்டுப் பேர் கை தூக்கி, தீர்மானத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இடிந்தது நம் வீடு ஒன்றுதான். தெரு முழுக்க நேராக வந்து, நம் வாசலில் மட்டும் பல் விழுந்த மாதிரி உள்ளே போகிறது.

சந்தைக்கு வருகிறவர்கள் அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்துகிறார்கள். சந்தையன்று எண்ணினேன், முப்பத்தெட்டு. எதிர்க்கடை உசேன் கேட்கிறார்: "ஏனுங் பிரசிடெண்டு, உங்க வூட்டுக்குள்ள நீங்க போறதுக்கு வழி உடச் சொல்லட்டுங்களா?" ராமக்காள் அன்றைக்கு, நீ திரும்பியிருப்பாய் என்று தைக்கத் துணியோடு வந்துவிட்டு, "அக்கா மிஷினு சத்தம் இல்லாம தெருவே ஊமையாக் கெடக்குதுங்க" என்று திரும்பிப் போனாள். சாயங்காலம் ஒவ்வொரு சைக்கிளாகப் போய், கடைசிச் சைக்கிளும் போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை, இன்னாசி.

மிஷினை மழை விட்டதும் அனுப்புகிறேன். பஸ் மேலே போட்டால் நனைந்துவிடும்.

உன்
மரியசூசை

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
10-10-1971

பிரசிடெண்ட் ஐயா அவர்களுக்கு,

உங்கள் தீர்மானம் தோற்றதில் எனக்குச் சந்தோஷமில்லை. மாதுவின் கால் வீணாகப் போயிற்றே என்றுதான் இருக்கிறது.

ஊருக்கே குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவருக்கு ஒரு மிஷினை பஸ் ஏற்றத் தெரியாதா? மிஷின் அங்கே இருந்தால் நானும் என்றைக்காவது வந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். இங்கே சந்தைத் தெருவில் சின்னதாக ஓர் அறை பிடித்துக் கையால் தைக்கிறேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. என்னைக் கேட்காமல் அறையை இடித்தீர்கள். இப்போது என்னைக் கேட்காமல் மிஷினை வைத்திருக்கிறீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்

23-11-1971

அன்புள்ள இன்னாசிக்கு,

நீ எழுதியது உண்மை. ஒரு மாதமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நாளைக் காலை பஸ்ஸில் மிஷின் வருகிறது. கோணி சுற்றி நானே கட்டியிருக்கிறேன். பாபின் டப்பா, கத்திரி, உன் அளவு நோட்டு எல்லாம் உள்ளே இருக்கிறது. பெல்ட் அறுந்திருக்கவே இல்லை. கூட வரத்தான் நினைத்தேன். நீ கூப்பிடவில்லை.

இத்துடன் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. நம் வாசல் இடத்தைப் பொது சைக்கிள் நிறுத்தமாக்க வேண்டும் என்று மெம்பர்கள் கேட்கிறார்கள். இந்தத் தடவை முதல் நோட்டீஸ் உன் பேருக்கு. முப்பது நாள் கெடு. பிரசிடெண்டாக இதற்கு மேல் எழுதக்கூடாது. உன் புருஷனாக எழுதுகிறேன்: 'ஆட்சேபணை உண்டு' என்று ஒரு வரி போடு. மறுநாளே கொத்தனாரை வைத்துச் சுவர் எழுப்பி, உன் அறையைக் கட்டிவிடுகிறேன்.

தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்
மரியசூசை

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
20-12-1971

என் வீட்டுக்காரருக்கு,

மிஷின் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நீங்கள் கட்டியதை அவிழ்க்கவே அரை நாள் ஆயிற்று. கிறிஸ்துமஸ் துணி தலைக்கு மேல் கிடக்கிறது.

நோட்டீஸ் கிடைத்தது. கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நீங்கள் எந்த வரிக்குக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால், இந்த அறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. இங்கே என்னைக் கேட்காமல் யாரும் ஓர் ஆணி கூட அடிப்பதில்லை. இதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

பதினேழு வருஷத்தில் நீங்கள் என்னை இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டதற்குச் சந்தோஷம்.

சைக்கிள் நிறுத்தத்துக்கு மேலே கூரை போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மத்தியானம் வெயில் நேராக விழும். நீங்களும் வெயிலில் நிற்காதீர்கள்.

ஆட்சேபணை இல்லை.

இன்னாசியம்மாள்