ராகுகாலத்தில் மாட்டிய ஹலினாவின் வேட்புமனு

கோலியர்ஸ் வுட்
மார்ச் 2007

அன்பு மகன் பவித்திரனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். டொராண்டோக் குளிரில் உன்னையும் பிள்ளையார் சுகமாக வைத்திருக்கட்டும். வடை சுடும்போது கையையும் சுட்டுக்கொண்டேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஷோபா எழுதுகிறாள். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அம்மாவுக்குத் தெரியாது.)

மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் போலந்துக்காரி ஹலினா கவுன்சில் இடைத்தேர்தலில் நிற்கிறார். ஊரில் நெசவாலைத் தொழிற்சங்கத் தலைவி, பிறகு நகரசபை உறுப்பினர், பாராளுமன்றத்துக்கு நின்று படுதோல்வி, அதோடு அவருடைய இடதுசாரிக் கட்சியே கலைந்து, இப்போது இங்கே பேக்கரியில் இரவு ஷிப்ட். இதுவும் கைவிட்டால் அரசியலுக்கு முழுக்கு என்று சொல்லியிருந்தார். அப்பாதான் தேர்தல் முகவர். (கடவுளே இல்லை என்பவருக்கு, கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர் முகவர்!)

போன மாதம் ஒரு வெள்ளி பகல் பன்னிரண்டோடு வேட்புமனு கொடுக்கும் நேரம் முடிந்தது. முதல் நாள் அட்டமி என்று அப்பா போகவில்லை. வெள்ளியன்று ஹலினா ஷிப்ட் முடிந்து வரவே பத்தரை, ராகுகாலம் தொடங்கிவிட்டது. "பன்னிரண்டுக்குப் பிறகு போவம்" என்று கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். ஹலினா போலந்து மொழியில் ஏதோ சொன்னார், வாழ்த்தாகத் தெரியவில்லை. "இஞ்சேருங்கோ, பன்னிரண்டுக்குப் பிறகு கதவைப் பூட்டிப்போடுவாங்கள்" என்று நான் கத்தியும் மனுசன் அசையவில்லை. ஷோபாதான் சுவர்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, "அப்பா, இது யாழ்ப்பாணத்திலை அடிச்ச கலண்டர். அங்கை இப்ப பின்னேரம், ராகு எப்பவோ போயிட்டார். லண்டனுக்கு வர அவருக்கு ஆர் விசா குடுத்தது?" என்றாள். அப்பா கலண்டரைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், எழும்பி ஓடினார். (ஒரு காலில் தன் செருப்பு, மற்றதில் அம்மாவின் செருப்பு.) மனு ஏற்கப்பட்டது.

இப்போது வேறு தலையிடி. போலந்தில் தான் தோற்ற தேர்தலுக்கு மனு கொடுத்தது எத்தனை மணிக்கு என்று ஹலினா யோசிக்கத் தொடங்கிவிட்டார். கலண்டர் இப்போது மேலே அவருடைய அறையில் செங்கொடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ராகுகாலத்தில் ஒரு வீட்டுக் கதவும் தட்டுகிறாரில்லை. அது லண்டன் நேரமா வார்சோ நேரமா என்று அப்பாவும் அவரும் என் அடுப்படிக் குசினிக்குள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்த மாதக் கடைசி வியாழன் வாக்களிப்பு, ஹலினாவுக்காக ஒரு தேங்காய் உடைக்க மறக்காதே. எந்த ஊர் நேரமென்றாலும் பரவாயில்லை. நீ நீடூழி வாழ வேண்டும் அப்பன்.

உன் அம்மா
தவநாயகி

(எழுதியது: ஷோபா, ராகுவின் விசாவை நிராகரித்த அதிகாரி.)