மிதவை போன திசை

ஜூன் 6, புதன்
காலை முழுக்க மூடுபனி. பத்து மணிக்கு மேல்தான் ஏரி தெரிந்தது. மிதவை சோதனை தோல்வி. தண்ணீர் போகும் பக்கம் போகவேண்டியது, காற்று தள்ளிய பக்கம் போய்க் கரையில் சொருகிக்கொண்டது. அடியில் தொங்கும் துணியை இரண்டு மடங்காக்கணும்.
வேண்டியவை: மூங்கில் 4, டால்டா டின் 8, ஈயக்கட்டி, கான்வாஸ். தைக்க, நம் பள்ளித் தையல்காரி பாக்கியம்.
ரா.வுக்குப் பதில் போடணும். கூடப் படித்தவன், கடல் ஆராய்ச்சி. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்க, ஆகஸ்டில் மிதவைகளைத் தனுஷ்கோடிக் கடலில் விடுவானாம்.

ஜூன் 9, சனி
துணி தைத்து வந்தது. எதற்கு என்று பாக்கியம் கேட்டாள், சொன்னேன்.
“அப்ப, கடல்ல விழுந்தது எங்கிட்டுப் போகும்னு தெரிஞ்சிருமா சார்?”
“துல்லியமா தெரியும்மா.” பெருமை வேறு எனக்கு.
பிறகு வாட்ச்மேன் சொன்னார். சிலோன் தோட்டத்திலிருந்து மகளோடு முன்னாடியே வந்தவளாம். புருஷன் போன ஆகஸ்டில், கலவரத்துக்குப் பயந்து தலைமன்னாரில் படகேறியவர். படகு வந்து சேரவில்லை. இவள் மாதாமாதம் மண்டபம் அகதி கேம்ப் போய் அவர் பெயரைத் தேடுகிறாள்.


ஜூன் 15, வெள்ளி
தூறல். பல்வலி. மிதவை எதிர்காற்றிலும் சரியாகப் போகிறது! பாக்கியம் கரையில் நின்று பார்த்தாள். செய்த நாலு மிதவையையும் ரா.வுக்கு பஸ்ஸில் ஏற்றியாச்சு.

ஆகஸ்ட் 27, திங்கள்
ரா. கடிதம், வரைபடத்தோடு. நாலும் வடகிழக்கே. இரண்டைக் கோடிக்கரைக்கு வெளியே மீன்பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். கரையில் ஒன்றும் ஒதுங்கவில்லை.
பாக்கியம் தானாக வந்து கேட்டாள். மறைக்க முடியவில்லை. கோட்டின் மேல் விரல் வைத்துக் காகித ஓரம் வரை போனாள்.
“இதுக்கு அங்கிட்டு?”
“வெறும் கடல்தாம்மா.”
“அப்ப கேம்ப்புக்கு இனிமே போக வேண்டியதில்ல.”

ஆகஸ்ட் 30, வியாழன்
மகளின் ஹாஸ்டல் விண்ணப்பம் கொண்டுவந்தாள். அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போடச் சொன்னாள். போட்டேன். என் கையெழுத்தில்.

செப்டம்பர் 11, செவ்வாய்
ரா. மறுபடி கடிதம். மீனவர் ஒருவர் ஒரு மிதவையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடியில் துணியே இல்லை, கிழிந்து போயிருக்கிறது. மற்றவையும் அப்படித்தான் இருக்குமாம். ஆக, தண்ணீர் இழுத்துப் போகவில்லை. தென்மேற்குக் காற்று தள்ளியிருக்கிறது. வரைபடம் செல்லாது.
புதுக் கான்வாஸ் எதற்கு, பழைய டென்ட் துணி போதும் என்றது நான்.

செப்டம்பர் 12, புதன்
தையல் அறைக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
“படம் தப்பும்மா. அவர் போன பக்கம் எனக்குத் தெரியாது. நான் சொன்னது...”
மெஷின் நின்றது.
“புள்ளகிட்டச் சொல்லி அழுது முடிச்சாச்சு சார். திரும்ப உசுரோட கொண்டாந்து நிறுத்தாதீங்க.”
வெளியே வந்தேன். மணி அடித்தது, ஒன்பதாம் வகுப்பு. போகவில்லை.