உங்கள் வண்டியிலிருந்து என் பெயரை எடுத்தாயிற்று

பாய்,

இன்று காலை உங்கள் வண்டியில் ஏறினேன். காதர்தான் பின் கதவைத் திறந்துவிட்டான். தலையை உள்ளே நீட்டியதும் பெட்ரோலும் ரோஜா அத்தரும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது, வாசனை இன்னும் போகவில்லை. "இன்னா அத்தே, ஏறாம நிக்கிறீங்க?" என்றான் உங்கள் மகன். கண்ணில் தூசி என்றேன். ராயபுரத்தில் தூசிக்கு என்ன பஞ்சம், நம்பிவிட்டான்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குக் கீழே கடன் கொடுத்தவள் என்று என் பெயரும் இருந்ததே, அதை அடித்து எடுக்கத்தான் ஆபீசுக்குப் போனோம். அது இருக்கும்வரை காதரால் வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாதாம்.

துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும் அவசரத்தில் காரை விற்கிறார், அதை வாங்கி டாக்சி ஓட்டவேண்டும் என்று நீங்கள் என் விறகுத்தொட்டி வாசலில் வந்து நின்றீர்கள். புருஷன் போன பிறகு நான் தனியாகத் தொட்டியை நடத்திவந்த காலம் அது. எனக்கு வாய் நீளம் என்று கொருக்குப்பேட்டை வரைக்கும் பேர். நீங்கள் என்னடாவென்றால் கடன் கேட்க வந்தவர் மாதிரியே பேசவில்லை.

"வட்டி மட்டும் கேக்காத தங்கச்சி. நான் வாங்கறதும் இல்ல, குடுக்கறதும் இல்ல. அசல்ல ஒரு காசு கொறையாது."

என் தம்பி சிரித்தான். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை, கொடுத்தேன். தம்பியின் வாயை அடைப்பதற்காக என் பெயரைப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னேன். தவணை நின்றால் வண்டியை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

தவணை நின்றது. எஞ்சின் படுத்துவிட்டது, அதைப் பிரித்துச் சேர்ப்பதற்குள் உங்கள் கையிருப்பும் கரைந்தது. தம்பி தினமும் நச்சரித்தான். வண்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஒருநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு, உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

"வண்டிய எடுத்துகினு போவ வந்துகிறேன் பாய்!"

 சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். உங்கள் வீட்டம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வீறாப்பாக வண்டியருகில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது, எனக்கு ஓட்டத் தெரியாது.

"ஏறு தங்கச்சி, நானே கொண்டாந்து வுட்டுர்றேன்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

பறிகொடுத்தவரே ஓட்ட, பறிமுதல் செய்த வண்டியில் மகாராணி மாதிரி தொட்டிக்கு வந்து இறங்கினேன். ஆட்கள் விறகு அடுக்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் இறங்கி மறுபடியும் சாவியை நீட்டினீர்கள். "போய் சவாரிய பாருங்க பாய்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு தம்பி வண்டிப் பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகு என் அம்மாவுக்குக் காலில் புண் வந்தது. ஆறவே இல்லை. வாராவாரம் கட்டு மாற்றப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் அழைத்துப்போனீர்கள். அவள் காலை நீட்டிக்கொள்ள உங்கள் வீட்டுத் தலையணை ஒன்று பின் சீட்டிலேயே கிடந்தது. காசை நீட்டினால் உங்களுக்குக் கோபம் வந்துவிடும். "எனுக்கும் அம்மாதான். கம்முனு ஒக்காரு." அம்மா கண்ணை மூடும்வரை அப்படித்தான் நடந்தது. என் மனசில் நம் கணக்கு அதோடு நேராகிவிட்டது. உங்கள் மனசில் ஆகவில்லை. கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் தவணையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. பள்ளிவாசலில் உங்களுக்காகத் தொழுவதற்கு முன்னால் காதர் எழுந்து நின்றானாம். "எங்க அத்தா யாருக்காச்சும் கடன் பாக்கி வெச்சிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் பொறுப்பு" என்றானாம். உங்கள் ஜனத்தில் அது வழக்கம் என்று, என் தொட்டியில் எடை போடும் இஸ்மாயில் வந்து சொன்னார்.

உடனே உங்கள் வீட்டுக்கு ஓடினேன். "பாய் எனுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். எல்லாம் தீந்துபோச்சு" என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு. வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டம்மா ஆறுதல் அடைவார் என்று பார்த்தால், அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாக்கி கீதுன்னு படுக்கையில கூட சொன்னாரும்மா. இல்லாத மாரி பேசினா அது எப்டி தீரும்? தீர்ற வரைக்கும் அவரு உசுரு நடுவுல தொங்கிகினு கெடக்குமே."

அம்மாவை அழைத்துப்போன சவாரியில் எல்லாம் கழிந்துவிட்டது என்றேன். காதர் அதற்கும் ஒப்பவில்லை.

"அது அத்தா ஆசையா செஞ்சது அத்தே. அத கூலியாக்கிட்டா அவரு செஞ்ச நன்மையும் பூடும். ஒண்ணு, துட்ட வாங்கிக்கோங்க. இல்லன்னா, பாக்கி இருந்துச்சு, மனசார வுட்டேன்னு ரெண்டு பேரு எதுக்க சொல்லுங்க."

துட்டை எப்படி வாங்குவேன்? அந்த வீட்டு அடுப்பு எரிவது என் தொட்டி விறகில், எத்தனை நாள் எரிகிறது என்று எனக்குத் தெரியாதா? விட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உங்களுக்குத் தர்மம் போட நான் யார்? கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கொஞ்ச நாள் வீம்பாகவே இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. உங்களை நடுவில் தொங்கவிட்டுவிட்டு எனக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று கடைசியில் என்னையே திட்டிக்கொண்டேன். இஸ்மாயிலையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருந்த உங்கள் வீட்டம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பாய் எனுக்குக் குடுக்க வேண்டியது இருந்துச்சு. மனசார வுட்டுட்டேன்."

உள்ளே போனதும் உங்கள் வீட்டம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். நீங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அப்போது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இன்று ஆபீசில் குமாஸ்தா, "பாக்கி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று தைரியமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். வண்டி உங்கள் பிள்ளையுடையது ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் காதரைப் பிடித்துக்கொண்டேன். "டேய், அம்மாவ இட்டுகினு போனதுக்கெல்லாம் நான் உங்க அத்தாவுக்குக் குடுக்க வேண்டியது கீது. நீ அவரு புள்ள. வுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. எனுக்கும் நிம்மதியா இருக்கும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அது கடன் இல்லயே அத்தே. கடனா இருந்தாதான வுட முடியும்?"

பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன், பாய். உங்கள் கடனை விட்டுக்கொடுக்க நான் இருந்தேன். என்னுடைய இந்தக் கடனை வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை, விட்டுக்கொடுக்க உங்கள் பிள்ளையாலும் முடியவில்லை. அதனால் இது என்னிடமேதான் இருக்கிறது. இருக்கட்டும், போகும்போது கொண்டுவருகிறேன்.

உங்கள் தங்கச்சி