வெள்ளையடித்த போட்டோ

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை.

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பாவும் அண்ணன் ராம்குமாரும் நானும் சுகம், கொசுக்களும் சுகம். நீ அந்த ஜெர்மனிக் குளிரில் காதுக்கு மப்ளர் கட்டி, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கத் திருச்செந்தூர் முருகன் துணையிருக்கட்டும். கீழ்வீட்டு ஹரி ஞாயிற்றுக்கிழமை உன் ஊர்ப்பக்கம் கிளம்புகிறான், அவன் பெட்டியில் இடம் பிடித்து இட்லிப்பொடியோடு இதையும் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன், அதற்கு முன்னால் நம் கடையில் நடந்த கூத்தைக் கேள். தி.நகர் கடையில் பில் போட ஒரு பெண் தேவை, போட்டோ அனுப்பவும் என்று அப்பா ஷட்டரில் எழுதி ஒட்டி அவர் நம்பரைப் போட்டிருந்தார். ராம்குமாருக்குப் பெண் பார்க்கும் தரகரிடமும் அதே நம்பர்தான். போன வாரம் போனில் ஒரு போட்டோ வந்தது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, ஸ்டுடியோத் தூணில் ஒரு கை, சுண்டினால் சிவக்கிற நிறம். ஏ புஷ்பம், பிள்ளை லெச்சணமா இருக்காளே என்று என்னிடம் காட்டியவர், தரகர் வழியாக வந்த சம்பந்தம்தான் என்று அவராகவே முடிவு செய்து உடனே அந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், குலதெய்வம் எந்தச் சாஸ்தா கோயில், சொதிக்குழம்பு வைக்கத் தெரியுமா என்று ஒன்று விடாமல் விசாரணை. அந்தப் பெண்ணும் தி.நகர் கடைகளில் இப்படியெல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, எங்களுக்கு அங்காளம்மன் சார் என்று பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில், சம்பளம் எவ்ளோ சார் குடுப்பீங்க, வாரத்துக்கு ஒரு நாள் லீவு கீதா என்று கேட்டாளே பார்க்கணும்! உன் அப்பா போனைப் பொத்திக்கொண்டு, ஏட்டி, இந்தப் பிள்ளை மருமவளா வாறதுக்குச் சம்பளம் கேக்கா என்றார். ராம்குமார் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் நானும் கடையில் இருந்தபோது, அப்பா வரச் சொன்னபடி அந்தப் பெண் வேளச்சேரியிலிருந்து நேரிலேயே வந்தாள், பெயர் வளர்மதி. நல்ல கறுப்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, சாதாரண சுடிதார். அப்பா போனைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், முகம் சுருங்கிவிட்டது. பில் போட எதற்கு நிறம், ஆனால் நம் கடைத்தெருவில் கல்லாப் பக்கம் நிற்கிற பெண் களையாக இருக்கணும் என்பது வழக்கமாகிவிட்டதே. அவளும் அதைக் கவனித்துவிட்டாள். போட்டோல கீறது நான்தான் சார், கல்யாணத்துக்குப் பாக்க எடுத்தது, வேற நல்ல போட்டோ இல்ல, ஸ்டுடியோல வெள்ளை அடிச்சுட்டாங்க என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த இடத்தில் நீ நிற்பது போலவே இருந்தது சந்திரிகா. நாளையிலேர்ந்து வந்துடும்மா என்று முந்திக்கொண்டு நானே சொல்லிவிட்டேன். உன் அப்பா முறைத்தார், முறைக்கட்டும். இப்போது பில் மெஷின் மக்கர் பண்ணினால் வளர்மதி, வளர்மதி என்று கூப்பிடுவதும் அவர்தான்.

இனி உன் விஷயம். அங்கே வேலை விண்ணப்பத்தோடு போட்டோ வைப்பது வழக்கம், எத்தனை இடத்துக்கு அனுப்பியும் பதிலே இல்லை, உதட்டோரத்து வெண்திட்டுதான் காரணமோ, மயிலாப்பூர் ஸ்டுடியோவில் கொடுத்து அதை அழித்து அனுப்பு என்று கேட்டிருந்தாய். விசா முடிவதற்குள் வேலை அமையாவிட்டால் ஊர் திரும்பவேண்டுமே என்ற உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்டுடியோக்காரர் கோதண்டபாணியிடம் கொடுத்தேன். மனிதர் திட்டைத் துடைத்து வைத்தாற்போல் அழித்து, கேட்காமலே கோட்டு மாட்டி, மூக்கையும் கொஞ்சம் எடுப்பாக்கிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, யார் வீட்டுப் பிள்ளையோ போல இருந்தது. அதைப் பார்த்து உன்னைக் கூப்பிடுகிறவர்கள் நீ உள்ளே நுழைந்ததும் உன் அப்பா விழித்த மாதிரி விழிப்பார்கள், வளர்மதி நின்ற மாதிரி நீ நிற்பாய். எனக்கு அது வேண்டாம். உன் முகம் பிடிக்காதவர்கள் போட்டோவைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்ளட்டும், கூப்பிடுகிறவர்கள் உன்னைப் பார்த்துக் கூப்பிடட்டும். கோட்டு இருக்கட்டும், என் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி மறுபடியும் செய்து வாங்கினேன். திட்டோடு இருக்கிற அந்தப் படத்தைத்தான் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அழித்த படமும் என்னிடம் இருக்கிறது. முகம் உன்னுடையது, அந்தப் படம்தான் வேண்டும் என்றால் சொல், மறுபேச்சில்லாமல் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் மனதில் வை. நீ வேலையோடு வந்தாலும் வேலையில்லாமல் வந்தாலும், ஏர்போர்ட்டில் உன்னைப் பார்த்ததும் எங்கள் மூன்று பேர் முகமும் மலரத்தான் செய்யும்.

நல்ல வேலையும் நல்ல மனிதர்களும் உனக்கு அமைய எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும். தலைக்கு எண்ணெய் வை, இட்லிப்பொடியில் பாதியை ஹரியே தின்றுவிடாமல் அளந்து வாங்கிக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா புஷ்பம் நல்லசிவம்