பிறக்காத பிள்ளையிடம் கேட்காதே

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சக்திக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பது ஜெர்மனியிலிருந்து நீ போடுகிற போட்டோக்களிலேயே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை. இங்கே அப்பாவும் நானும் நலம். உன் தங்கை சுப்ரியாவின் மகள் தன்யாவுக்குச் செவ்வாய்க்கிழமை ரத்தம் ஏற்றினோம், அதனால் இப்போதைக்கு அவளும் நலம். இன்னும் பத்து நாள் ஓடியாடுவாள், பிறகு முகம் வெளுத்துச் சுருண்டு படுத்துக்கொள்வாள். நாலு வயசுப் பிள்ளை, ஊசி போட வருகிற நர்ஸிடம் எந்தக் கை என்று தானே நீட்டிக் கேட்கிறாள். போனில் பேசினால் அப்புறம் பேசறேம்மா என்கிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், சுப்ரியா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது, உட்கார்ந்து படி.

நீ மாப்பிள்ளை சந்தோஷுக்கு அனுப்பிய ஈமெயிலை அவர் பிரிண்ட் எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் படித்தார். தன்யாவுக்குத் தலசீமியா தீர வேண்டுமானால் பொருந்துகிற எலும்பு மஜ்ஜை வேண்டும், வெளியில் கிடைக்கவில்லை, அதனால் சுப்ரியா இன்னொரு பிள்ளை பெற வேண்டும், அதையும் லேபில் பத்துப் பன்னிரண்டு கருவாக உண்டாக்கி, நோய் இல்லாததாகவும் தன்யாவுக்குப் பொருந்துவதாகவும் ஒன்றைப் பொறுக்கி வயிற்றில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மீதியை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. பெற வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பொறுக்குவது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தராதே. சிப்காட்டில் பதினேழு வருஷமாக லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வால்வு பார்க்கிறேன், கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுகிறேன். அது இரும்புடா. உன் ஈமெயில் போட்ட போட்டில் சம்பந்தி நாராயணம்மா அன்றைக்கே நல்ல நாள் பார்க்கக் கிளம்பிவிட்டாள். அவள் புருஷன், உன் மாமா ஆனந்தராஜ் ஒரு படி மேலே போய், "ஆட்டையே அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சாங்களாமே, நம்ம பாப்பாவையே நோயில்லாம இன்னொண்ணு செய்ய முடியாதா?" என்று கேட்கிறார். அப்போ இந்தப் பாப்பாவை என்ன செய்யறது என்று நான் கேட்டேன். சுப்ரியா மட்டும் கடைசியில் சொன்னாள், "புள்ள வேணும்னா பெத்துக்குவேன், மருந்து வேணும்னு பெக்க மாட்டேன்" என்று. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். ஏனென்றால் அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை, மகள் பிழைக்க வேண்டுமே.

நான் சயின்ஸுக்கு எதிரி இல்லை. பெங்களூரில் பார்க்கிற டாக்டரம்மா, பிள்ளையின் சொந்த மரபணுவையே திருத்துகிற சிகிச்சை வெளிநாட்டில் வந்துவிட்டது, இந்த வயசுக் குழந்தைகளுக்கு இன்னும் நம் கைக்கு எட்டவில்லை என்றார். எட்டுகிற அன்று ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன். அந்தம்மா இன்னொன்றும் சொன்னார். நம் முன்னோர் இருந்த அஞ்செட்டி மாதிரிக் காட்டுப் பக்கங்களில் ஒரு காலத்தில் மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போகுமாம். இந்தக் குறையை அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரு பக்கம் மட்டும் வாங்கியவர்கள் அதில் தப்பித்தார்களாம், அவர்கள் வம்சம்தான் நாமாக இருக்கும் என்றார். அன்று நம்மைக் காப்பாற்றிய அதே ரத்தம்தான், சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்ததில், இரண்டு பக்கமும் சேர்ந்து இந்தப் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறது. சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் சில சமயம் மாமன், சித்தப்பா என்று யாருக்காவது மஜ்ஜை பொருந்திவிடும், எல்லோரும் டெஸ்ட் கொடுங்கள் என்றார். கன்னத்துக்குள்ளே பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சுப்ரியாவும் மாப்பிள்ளையும் கொடுத்தார்கள், அப்பா கொடுத்தார், நான் கொடுத்தேன், உன் மாமா கொடுத்தார், பேச்சே இல்லாத பங்காளிகள் தளியிலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்தார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. பாக்கி நீ ஒருத்தன். மரபணு படிக்கிற மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாய், தை மாசத்திலிருந்து மூன்று தடவை கேட்டாகிவிட்டது, பிராஜெக்ட் முடியட்டும், லீவு கிடைக்கட்டும் என்கிறாய். எட்டுப் பக்கம் ஈமெயில் எழுத நேரம் கிடைத்ததே! தாய்மாமன் நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, இன்னும் பிறக்காத பிள்ளையிடம் போய் மஜ்ஜை கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு பெண்ணோடு பழகுகிறாய். எதையோ பார்க்கப்போய் உன் ரத்தத்திலும் இது இருக்கிறது என்று தெரிந்தால் அவளிடம் சொல்ல வேண்டிவரும். இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், நானும் அதையே செய்தவள். சுப்ரியா கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் கம்பெனி கேம்ப்பில் என் ரத்தம் பார்த்த நர்ஸ், எனக்கு இந்தக் குறை இருக்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "பொண்ணையும் மாப்பிள்ளையையும் இந்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கக்கா" என்றாள். பத்துப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளை என் அண்ணன் மகன், உரிமை மாப்பிள்ளை. நான் அந்தச் சீட்டைக் கிழித்து கேண்டீன் குப்பையில் போட்டேன். உன் அப்பாவுக்கும் தெரியாது, சுப்ரியாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்னால் அவளிடம் நானே சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவாளா என்று தெரியாது.

உனக்குப் பொருந்தாமல் போனால் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ பார்க்காமலே இருந்தால் மன்னிக்கவும் மாட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல், சொன்னால் போய்விடுகிறவள் என்றால் போகட்டும். குளிரில் வெறும் காலோடு நடக்காதே, காலையில் சாப்பிடாமல் போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் தினமும் கேட்கிறேன், கோபத்திலும் கேட்கிறேன். வருகிற செவ்வாயிலிருந்து இரண்டு வாரம் கழித்துப் பாப்பாவுக்கு மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்குள் டெஸ்ட் கொடு. நான் கிழித்ததை நீ கிழிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதேஸ்வரி