ரத்தியில் போட்டதாகச் சொன்ன மேப்புகள்

ஆசை மாப்ளே சுடலை,

எப்படி இருக்கே என்று கேட்டால் சிரிப்பாய். நாங்கள் இருக்கிறோம். தாராவி லேபர் கேம்பில் உன் சந்துக்குள் இந்த வருஷ மழைக்கும் தண்ணீர் வந்தது, உன் வீட்டுக்காரி பேச்சி கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டாள். நான் செம்பூரில் ரிட்டையர்டு ஆகி, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்கள் உயிரை வாங்கிக்கொண்டு இருக்கிறேன். இதெல்லாம் நல்ல செய்தி. கெட்ட செய்தி, உன் மகள் வினிதாவிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

மலை ஏறுவதற்கென்று நீ சேர்த்து வைத்த மேப்புகளைப் பற்றித்தான். பம்பாய்க்கு வெளியே கர்ஜத் மலைமேல் இருக்கிற அந்தக் கோட்டையிலிருந்து இறங்கும்போது உன் காலடியில் மண் சரிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, பேச்சி உன் மேப்புக் கட்டு முழுவதையும் ஒரு பழைய சேலையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "அண்ணாச்சி, இது இனி என் கண்ணுல படக்கூடாது. கொண்டு போயிருங்க" என்றாள். எடைக்கு வாங்குகிற ரத்திக்கடையில் போடச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பம்பாயில் பழைய பேப்பருக்கு வேறு என்ன கதி? ஆனால் மனசு வரவில்லை. என் வீட்டுப் பரணில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

வினிதா இப்போது தாதரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். உன் ரத்தம் எங்கே போகும்? லீவு கிடைத்தால் தோழிகளோடு மலைக்குக் கிளம்பிவிடுகிறாள். மழை விட்டதும் நீ விழுந்த கோட்டைக்குத்தான் போகப் போவதாக ஒரு நாள் வந்து சொன்னாள்.

"மாமா, அப்பாவோட மேப் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அந்தக் கோட்டையோட மேப் மட்டும் குடுங்க."

"அது எங்கம்மா இருக்கு? அப்பவே ரத்தில போட்டாச்சே" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது, மாப்ளே? வழி தெரியாவிட்டால் போக மாட்டாள் என்று ஒரு நினைப்பு. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது போதும், அவளையும் தூக்க என் தோளில் தெம்பில்லை.

நான் எப்பேர்ப்பட்ட மடையன் பார். பம்பாய்ப் பழசெல்லாம் வந்து பிரிகிற தாராவியில் பிறந்து வளர்ந்தவளிடம் போய் ரத்தியில் போட்டேன் என்று சொல்லலாமா? வேறு பிள்ளையாக இருந்தால் அத்தோடு விட்டிருக்கும். அவளுக்கு, ரத்திக்குப் போனது தொலைந்தது ஆகாது, வேறு யாரிடமோ இருக்கிறது, அவ்வளவுதான். "எந்தக் கடை மாமா? சேட் மூஞ்சி ஞாபகம் இருக்கா? அர்ரே, நல்ல பேப்பரைக் கூழாக்க மாட்டாங்க, தனியா எடுத்து வச்சிருப்பாங்க" என்று கண் விரியக் கேட்டாள். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒரு கடை என்று உளறி வைத்தேன்.

அன்றிலிருந்து தேடுகிறாள். செம்பூர் முடிந்தது, குர்லா முடிந்தது, தாராவியில் பேப்பர் பிரிக்கிற கோடவுன் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறாள். தமிழில் பென்சிலால் எழுதின மேப் வந்ததா என்று ஹிந்தியில் கேட்கிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை தலை, புருவமெல்லாம் தூசியோடு வந்து நின்றாள். "பரவால்ல மாமா, கெடைக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! நான் தலையை ஆட்டிக்கொண்டு காபியை நீட்டினேன். என் தலைக்கு நேர் மேலேதான் பரண்.

தேடுகிற சாக்கில் வேறு மேப்புகளும் சேர்த்திருக்கிறாள். மாட்டுங்கா நடைபாதைக் கடையிலிருந்து ஒரு தடித்த அட்லஸ், எங்கிருந்தோ ஒரு சுற்றுலா மேப், ரத்திக்கடையில் கிடைத்த ஒரு பழைய சர்வே தாள். மூன்றையும் அன்றைக்கே என் வீட்டுத் தரையில் விரித்தாள். அட்லஸில் முதலில் என்ன பார்த்தாள் தெரியுமா? மலையை அல்ல, தாராவியை. நீ செய்வாயே, அதேதான். கடைக்காரன் இமயமலைப் பக்கத்தைத் திறந்து காட்டினாலும் நீ நம்ம பேட்டையைத்தான் தேடுவாய். "நம்ம வீட்டுக்கே வழி தெரியாதவன், மலைக்கு எங்கலே வழி சொல்லுவான்?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடையைக் கட்டுவாய்.

அந்த அட்லஸில் தாராவி இருந்த இடம் வெறும் பழுப்பு. ஓரமாகத் தள்ளினாள். சுற்றுலா மேப்பில் ஓட்டல் உண்டு, கோயில் உண்டு, மலை எவ்வளவு செங்குத்து என்று காட்டுகிற உயரக்கோடு ஒன்றுகூட இல்லை. "இது கார்ல போறவங்களுக்கு மாமா" என்று அதையும் மடித்தாள். சர்வே தாள்தான் அவளுக்குப் பிடித்தது. உயரக்கோடு, ஓடை, கிணறு எல்லாம் பொடிப்பொடியாக இருந்தன. ஓரத்தில் அச்சிட்ட வருஷம்தான் ரொம்பப் பழசு. உன்னைப் போலவே மேப் வாசிக்கிறாளே என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

பிறகு கோட்டையின் மேற்குப் பக்கம் விரலை வைத்தாள். ஓடையை ஒட்டி இறங்குகிற புள்ளிக்கோடு. "இந்த வழி ஷார்ட்டா இருக்கே மாமா, இதுல எறங்கிரலாமா?"

அந்த வழிதான், சுடலை. நீ விழுந்த அந்த மழையில் சரிந்து, இன்றைக்கும் பாதிக்கு மேல் வழியே இல்லாத வழி. உன்னுடைய தாளில் அந்த இடத்தை, பரணில் வைக்கும் முன் நான்தான் சிவப்பு மையால் அடித்து வைத்தேன். மலையில் விழுந்தாய் என்பது அவளுக்குத் தெரியும், எந்த இடம் என்று தெரியாது. அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அதில் போகாதே என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முதல் பொய்யும் கூடச் சேர்ந்து வெளியே வந்துவிடுமே என்று பயம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன் பிள்ளையை அந்தப் பள்ளத்துக்கு அனுப்பப் பார்த்தேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா? அவள் போன பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்று காலை பேச்சியிடம் போனேன். வினிதா வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"ரத்தில போடணும்னா எங்க சந்து முனையிலயே கடை கெடக்கு அண்ணாச்சி. செம்பூருக்கு எதுக்குக் குடுத்து விடுதேன்? நீங்க போட மாட்டீங்கன்னுதான ஒங்க கையில குடுத்தேன்."

"அப்ப அவ அங்க போறதுல ஒனக்குச் சம்மதமா?" என்றேன்.

"சம்மதம் எங்க இருந்து வரும்? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா அவ அப்பா விழுந்த எடத்தைப் பாக்காம அவளுக்கு ஒறக்கம் வராது. போறவ தெரிஞ்சு போகட்டும். அங்க நின்னது நீங்க ஒருத்தருதான். நீங்களே வாயை மூடிக்கிட்டா அவ யாருகிட்டப் போயி கேப்பா?" அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "இன்னைக்கு லீவு போட்டுட்டு பாண்டுப்ல தேடப் போயிருக்கா" என்றாள். அப்போதுதான் அந்தத் துணியை மடிக்காமல் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டை இறக்கிப் பிரித்தேன். எல்லாத் தாளிலும் உன் பென்சில் எழுத்து. ‘இந்த ஊற்று மே மாசம் இருக்காது.’ ‘இந்த வீட்டில் கேட்டால் மோர் தருவார்கள்.’ ‘இங்கே பாறை வழுக்கும், செருப்பைக் கழற்று.’ அச்சடித்தவன் சொல்லாததையெல்லாம் நீ எழுதி வைத்திருக்கிறாய். ஆனால் வினிதா தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், உன் கோழிக்கிறுக்கல் அவளுக்கு விளங்கவே விளங்காது. கையில் கொடுத்துவிட்டு நான் நழுவிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குப் போன் போட்டேன். "இங்கயும் இல்ல மாமா" என்றாள். நேராகச் செம்பூருக்கு வரச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டாள். வா, சொல்கிறேன் என்றேன். இப்போது வந்துகொண்டிருக்கிறாள். அதுவரை சும்மா இருக்க முடியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையை எப்படித் தாங்குவேன், மாப்ளே?

என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றாலும் சரிதான். ஆனால் அவள் போவதற்குள் அந்த மேற்கு இறக்கத்தின் மேல் அவள் விரலைப் பிடித்து வைத்து, "ஒங்கப்பா விழுந்தது இங்கதாம்மா, நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்று என் வாயால் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

வினிதாவுக்கு இன்னும் மாமனாக இருக்க ஆசைப்படும்,
உன் மச்சான்
ஆறுமுகம்